தேங்காய், மீட்டர், நடுவில் ஒரு தோட்டம்

எங்கள் அறிவியல் வண்டியில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். “அண்ணே, ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, நம்ம பக்கத்துல போடுறோம்” என்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். செல்போனில் இருக்கும் பக்கமாம். எவ்வளவு எழுதலாம் என்றதற்கு, “யாரும் ரொம்ப நேரம் படிக்க மாட்டாங்கண்ணே, சுருக்கமா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, என் மனைவி போட்ட காபியை மட்டும் சுருக்காமல் குடித்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள். ஊர் ஊராகப் போவதை இப்போது பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு அறைக்குள் விளக்கு வைத்து, பின்னால் நீலத் துணி கட்டி, அங்கிருந்தே உலகத்துக்கு விஞ்ஞானம் சொல்கிறார்கள். உலகமும் பார்க்கிறது. ஆனால் அவர்களுக்கு ஒரு மனக்குறை. “பாக்குறவங்க நெறைய பேருண்ணே, ஆனா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டேங்கிறாங்க. ‘அருமை’, ‘சூப்பர்’, ஒரு கும்பிடுற கை. அம்புட்டுத்தான். ஒங்க காலத்துல எப்படிண்ணே கேக்க வச்சீங்க?” என்றார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சுருக்கமாக வராது. காபி குடித்த கடனுக்குப் படித்துக்கொள்ளட்டும்.

நான் படித்தது ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவு. புதுக்கோட்டையில் ஒரு கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டிக்கொண்டிருந்தேன். அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோகிறோம் என்று ஒரு அறக்கட்டளைக்காரர்கள் பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். அது பாதி வழியில் நின்றுவிடும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்ததால், ஓட்டவும் தெரிந்து ரிப்பேரும் பார்க்கத் தெரிந்த ஆளாகத் தேடினார்கள். சேர்ந்ததும் திருச்சியில் பயிற்சி கொடுத்தார்கள். ஊசலை எப்படிப் பிடிப்பது, குடுவையை எப்படிக் கவிழ்ப்பது என்பதோடு, முகத்தில் ஆச்சரியத்தை எப்படி வரவழைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த முகத்தை வீட்டில் ஒருமுறை செய்து காட்டினேன். பல் வலியா என்று கேட்டாள் என் மனைவி. அதோடு பயிற்சியை விட்டுவிட்டேன்.

உண்மையான பயிற்சி அமலோற்பவம் மேடத்திடம் ஆரம்பித்தது. மேடத்துக்கு ஆவூர். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்குப் பொறுப்பாளராக வந்தார். வந்த அன்று அறக்கட்டளைச் செயலாளர் அவரிடம் வண்டியைக் காட்டி, “இதுதான் மேடம்” என்றார். மேடம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது நிக்கிதா, நிறுத்தி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அவர் கிண்டல் செய்கிறாரா, தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறாரா என்று செயலாளருக்குப் புரியவில்லை. கடைசிவரை யாருக்கும் புரிந்ததில்லை.

மேடம் திட்ட மாட்டார். கேள்வி கேட்பார். “மாரிமுத்து, இந்த ஒயர் ஏன் இங்க கெடக்கு?” என்பார். திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிடலாம். கேள்விக்கு அப்படி முடியாது. காரணம் சொல்ல வேண்டும், சொன்ன காரணத்துக்கும் காரணம் கேட்பார். இரண்டாவது ‘ஏன்’ வரும்போதே நான் ஓடிப்போய் ஒயரை எடுத்துவிடுவேன்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, எந்தச் சோதனையையும் கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரியாகச் செய்து பார்க்க வேண்டும், பிறகு வேண்டுமென்றே ஒருமுறை கெடுத்துப் பார்க்க வேண்டும். எப்படியெல்லாம் சொதப்பும் என்று தெரியாத சோதனையை அவர் மேடையேற்ற மாட்டார். காந்தத்தைச் சூடு காட்டி, பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு, பலூனை ஈரக் கையால் தேய்த்து என்று வாரத்தில் ஒருநாள் முழுக்க அறிவியலைத் தோற்கடிப்பதே எனக்கு வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு பொருளைக் கெடுத்த ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாவதைச் சொல்வதற்கு முன் நம்மூர்க் கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஊருக்குப் போனால் முதலில் வரவேற்புரை. பிறகு பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. அடுத்து, நான்கு வார்த்தை மட்டும் பேசுகிறேன் என்று பொன்னாடை போர்த்திய தலைவர் எழுந்து நாற்பது நிமிடம் பேசுவார். மேடம் பேச வரும்போது பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். இதற்கு மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பொன்னாடைகள் எல்லாம் மலிவான பாலியஸ்டர். போர்த்தியதுமே கழற்றி, போர்த்தியவர் கையிலேயே கொடுத்து, “அய்யா, இத வச்சு இந்தப் பலூன நல்லாத் தேயுங்க” என்பார். தலைவர் தேய்ப்பார். பலூன் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். கூட்டம் கைதட்டும். கைதட்டலைக் கேட்ட தலைவர் இன்னொரு பலூன் கேட்பார். நான்கு வார்த்தையை மறந்தே போவார். மின்னூட்டம் பற்றிய பாடமும் அத்தோடு ஆரம்பமாகிவிடும்.

ஆனால் கேள்வி மட்டும் வராது. பேசி முடித்து, “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் கூடமே தரையைப் பார்க்கும். நம் மக்களுக்குக் கேள்வி இல்லாமல் இல்லை. மேடையில் இருப்பவரை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்ற நினைப்பு. கேட்டுத் தப்பாகிவிட்டால் ஊர் சிரிக்கும் என்ற பயம் வேறு. நன்றியுரை முடிந்து, நாங்கள் வண்டியில் சாமான் ஏற்றும்போதுதான் ஒருவர் மெதுவாக வந்து, “சும்மா ஒண்ணு கேக்கணும் மேடம்” என்பார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள்.

இதைக் கவனித்த மேடம், அதையே முறையாக்கிவிட்டார். பேச்சைப் பாதி நேரத்திலேயே முடித்து, நன்றி வணக்கம் சொல்லிவிடுவார். பிறகு நான் பெட்டி கட்ட வேண்டும். எவ்வளவு மெதுவாகக் கட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஒயரை ஒருமுறை சுருட்டுவேன், சரியில்லை என்று பிரிப்பேன், மறுபடி சுருட்டுவேன். கண்ணாடிக் குடுவையைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திருப்தி இல்லாமல் திரும்பத் துடைப்பேன். சுற்றிலும் கேள்விகள் வந்து விழுந்துகொண்டிருக்கும். என் பணிக்காலத்தில் நான் உண்மையாகவே திறமை காட்டிய இடம் இதுதான். ஒரு பெட்டியை ஒரு மணி நேரம் கட்ட என்னைவிட்டால் ஆள் கிடையாது. பிள்ளைகளே, உங்கள் செல்போனில் பெட்டி கட்டுவதற்கு என்ன பட்டன் இருக்கிறதோ, அதைத் தேடிப் பாருங்கள்.

அப்படிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில்தான் சித்ரா வந்தார்.

அன்னவாசல் பக்கத்து ஊர் அது. பெயர் வேண்டாம். அன்று மேடம் பேசியது நிலத்தடி நீரைப் பற்றி. கண்ணாடித் தொட்டியில் மணல், களிமண், ஜல்லி போட்டு, தண்ணீர் எப்படி இறங்குகிறது, எங்கே தங்குகிறது என்று காட்டினோம். சமுதாயக்கூடத்தில் நல்ல கூட்டம். முடிந்ததும் சித்ரா வண்டிக்கு அருகில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“மேடம், எங்க தோட்டத்துல போர் போடப் போறோம். ஏற்கெனவே ரெண்டு போட்டு ரெண்டுலயும் தண்ணி இல்ல, பொகையாத்தான் போச்சு. இப்ப எங்க பெரிய மாமா தேங்கா வச்சுப் பாத்து ஒரு எடம் சொல்லிருக்காக. அது சரியா இருக்குமா?”

மேடம் பதில் சொல்வதற்குள், “யாத்தா, என்னையப் பத்தியா கேக்குற?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சித்ராவின் பெரிய மாமாவே நின்றுகொண்டிருந்தார். சித்ராவின் கணவருக்குப் பெரியப்பா, பெயர் கருப்பையா. சுற்று வட்டாரத்தில் நீரோட்டம் பார்க்கிறவர் என்றால் அவர்தான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். கீழே நீரோட்டம் இருக்கும் இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அதற்காக அவர் பெரிதாக எதுவும் வாங்குவதும் இல்லை. வெற்றிலை பாக்கும் அந்தத் தேங்காயும்தான்.

சித்ராவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை. “கோவிச்சுக்காதீங்க மாமா. இது ஒண்ணுதான் மிச்சம். தண்ணி வந்துட்டா வெள்ளாமையப் பாத்துக்கிட்டு இங்கயே இருந்துருவேன்னு அவுக சொல்லிருக்காக. வரலேன்னா இன்னும் எத்தன வருசமோ. அதான் கேக்குறேன்” என்றார். அவர் கணவர் செந்தில் கத்தாரில் டிரைவர். மகள் பிறந்தபோது போனவர், லீவில் வந்து வந்து போகிறார். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு.

மேடம் கருப்பையா அய்யாவைப் பார்த்துக் கும்பிட்டார். “அய்யா, நீங்க சொல்ற எடம் சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எது நடந்தா தப்புன்னு ஒத்துக்குவீங்க? அதையும் நீங்களே சொல்லுங்க” என்றார். சோதனையின் விதியைச் சோதிக்கப்படுகிறவர்தான் சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் முறை. பிறகு, விதி சரியில்லை என்று யாரும் பேச முடியாது அல்லவா.

கருப்பையா அய்யா யோசிக்கவே இல்லை. “இந்தப் பொட்டல்லயே ஒரு எடத்துல எந்திரிக்கும் பாருங்க. அப்பறம் கண்ணக் கட்டிவிடுங்க. அதே எடத்துலதான் எந்திரிக்கும். மாறுச்சுன்னா இந்த வேலயவே விட்டுர்றேன்” என்றார்.

யாரோ ஓடிப்போய்த் தேங்காய் வாங்கி வந்தார்கள். அவர் கூடத்துக்கு வெளியே இருந்த பொட்டலில் நடந்தார். ஒரு இடத்தில் தேங்காய் விறுக்கென்று எழுந்து நின்றது. நான் அங்கே ஒரு கல்லை வைத்தேன். பிறகு அவர் கண்ணைத் துண்டால் கட்டி, சுற்றிவிட்டு, இங்கிட்டும் அங்கிட்டுமாக நடக்க வைத்தோம். தேங்காய் எழுந்தது. கல் இருந்த இடத்தில் இல்லை, வேப்பமரத்தடியில். மறுபடி நடந்தார். இந்த முறை என் வண்டியின் டயருக்குப் பக்கத்தில் எழுந்தது. கண் கட்டை அவிழ்த்ததும் அவர் கல்லையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். நடிப்பே இல்லை. அந்த மனிதர் முழு மனதாக நம்பியிருந்தார் என்பது அப்போது தெரிந்தது.

கூட்டம் சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் உள்ளூர்க் கணக்கு வாத்தியார். “வண்டிக்கடியில போர் போட்ருவோமா?” என்றார். மேடம் அவரிடம் போய், “சார், நீங்க நடங்களேன்” என்று தேங்காயை நீட்டினார். வாத்தியார் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். பத்தடி போனதும் அவர் உள்ளங்கையிலும் தேங்காய் எழுந்து நின்றது. வாத்தியார் அலறி அதைக் கீழே போட்டுவிட்டார். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு அவர் வீட்டில் தேங்காய்ச் சட்னியே அரைக்கவில்லை என்று கேள்வி.

“பாத்தீங்களா?” என்றார் மேடம். “அய்யாவும் பொய் சொல்லல, சாரும் பொய் சொல்லல. எந்திரிக்கப் போகுதுன்னு மனசு எதிர்பாக்கும். கை நமக்குத் தெரியாமலே லேசாச் சாயும். உருண்ட காய், ஒரு நூலளவு சாஞ்சாலும் எந்திரிக்கும். என் கைக்கும் அப்படித்தான்.” கருப்பையா அய்யா தேங்காயை எடுத்துத் துண்டில் துடைத்தார். “நா யாரையும் ஏமாத்துனதில்ல தாயி” என்றார். “தெரியும்ய்யா” என்றார் மேடம்.

இதோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் எங்களுக்கு நல்ல பெயர். ஆனால் சித்ரா விடவில்லை.

“மாமா சொன்ன எடம் தப்புன்னு காட்டிட்டீங்க மேடம். அப்ப எங்க போடணும்? அத நீங்கதான சொல்லணும்?”

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. அறிவியலைச் சொல்லலாம், யாருக்கும் இடம் குறித்துத் தரக் கூடாது. மேடமே போட்ட விதி. ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்து அந்த விதியைச் சொல்ல மேடத்துக்கு வாய் வரவில்லை. “ஞாயித்துக்கெழம வாரோம்” என்றார். திரும்பும் வழியில் எனக்கு ஒரே குதூகலம். ஊருக்கு முன்னால் ஜெயித்துவிட்டோம் அல்லவா. மேடம் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பூமி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மீட்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. இரும்புக் கம்பிகளை வரிசையாக நிலத்தில் அடித்து, ஒயரில் இணைத்து, மின்சாரத்தை விட்டு முள் காட்டுவதைக் குறிக்க வேண்டும். காய்ந்த பாறை என்றால் மின்சாரம் திணறும். தண்ணீர் தங்கிய வெடிப்பு என்றால் சுலபமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு மேடம் வந்துவிட்டார். நான் கம்பி அடித்தேன், சித்ரா ஒயரைப் பிடித்தார், கருப்பையா அய்யா மரத்தடியில் உட்கார்ந்து எங்களைக் கண்காணித்தார். வடமேற்கு மூலையில் முள் நன்றாக இறங்கிவிட்டது. மேடம் அங்கே சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டார். “இங்க இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா கெடைக்காமலும் போகலாம்” என்றார். இரண்டு தடவை சொன்னார். முதல் பாதி மட்டும்தான் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது, என் காதையும் சேர்த்து.

போர் வண்டி வந்த அன்று நாங்களும் போனோம். சூடம் காட்டித் தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். உடைத்தவர் கருப்பையா அய்யா. “இந்தத் தேங்கா எதையும் பாத்துச் சொல்லாது, பயப்படாதீங்க” என்று என்னிடம் காதோடு சொல்லிவிட்டுப் போனார். முதலில் செம்மண், பிறகு பாறை அரைபட்ட வெள்ளைப் பவுடர். எங்கள் தலையெல்லாம் நரைத்துவிட்டது. நடுவில் ஈரமாகக் களிமண் வந்தது. சித்ரா கையெடுத்துக் கும்பிட்டார். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். அதற்குக் கீழே மறுபடியும் பவுடர். பவுடர், பவுடர், பவுடர். போர் வண்டிக்காரர் மேடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

சித்ரா போனை எடுத்துக்கொண்டு வரப்போரமாகப் போனார். அங்கே நின்று பேசினார். அழவில்லை. “இல்லீங்க. ம். இல்ல” என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

கருப்பையா அய்யா மேடத்திடம் வந்தார். “ஒங்க மிசினு கண்ணக் கட்டாமலே தப்பாச் சொல்லுதே தாயி” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “ஆமாய்யா” என்றார் மேடம். அந்தக் குழிக்கு இரும்பு மூடி போட்டு இறுக்கும்வரை வெயிலில் அங்கேயே நின்றார். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிற இடம். மூடியை அவரே காலால் மிதித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறினார்.

மறுவாரம் மேடம் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். அதே ஊர், அதே கூடம். தலைப்பு: ‘நான் எங்கே தவறினேன்?’ செயலாளர் பதறிவிட்டார். “மேடம், இப்படியெல்லாம் பேசுனா மக்களுக்கு அறிவியல் மேல இருக்க நம்பிக்கையே போயிரும்” என்றார். மேடம் சொன்னார்: “நம்பிக்கைக்கு நான் கோயிலுக்குப் போறேன் சார். ஒரு ஞாயிறும் தவறினதில்ல. இங்க நமக்கு வேற வேல.” செயலாளர் பொன்னாடை மட்டும் கொடுத்து அனுப்பவா என்று கேட்டார்.

எங்கள் வண்டியின் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்ததில்லை. நன்றாக நடந்ததைச் சொல்லப் போனபோது கூடம் நிறையாது. தோற்றதைச் சொல்லப் போகிறோம் என்றதும் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கருப்பையா அய்யா முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை வீட்டுக்காரர் போல உட்கார்ந்திருந்தார். சித்ரா அவருக்குப் பக்கத்தில். கையில் போனை மேடைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார். திரையில் செந்தில். கத்தாரிலிருந்து அவரும் கூட்டம் பார்த்தார்.

மேடம் இரண்டு தொட்டிகளை வைத்தார். ஒன்றில் தண்ணீர் நிறைந்த மணல். இன்னொன்றில் ஈரக் களிமண். கருப்பையா அய்யாவையே அழைத்து, மீட்டர் கம்பிகளை இரண்டிலும் குத்தச் சொன்னார். “ரெண்டுலயும் முள்ளு ஒரே எடத்துலதான் நிக்கிது” என்று அவர் ஊருக்கு அறிவித்தார். பிறகு தொட்டிகளின் அடியில் இருந்த குழாயைத் திறக்கச் சொன்னார் மேடம். மணல் தொட்டியிலிருந்து தண்ணீர் கொட்டியது. களிமண் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

“இதுதான் நடந்தது” என்றார் மேடம். “அந்த வெடிப்புல இருந்தது களிமண்ணு. ஈரம் இருக்கு, விடாது. மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். குறுக்குவாட்டுல இன்னொரு தடவ அளந்து, பழைய ரெண்டு போர்ல வந்த மண்ணையும் பாத்துட்டுத்தான் சொல்லிருக்கணும். சித்ரா கேட்டதும் சீக்கிரமா ஒரு பதில் சொல்லணும்னு அவசரப்பட்டேன். மன்னிச்சிருங்க.”

சித்ரா எழுந்தார்.

“நீங்க தப்ப ஒத்துக்கிட்டீங்க மேடம், பெரிய மனசு. ஆனா எம் மக தெனம் கேக்குறா, அப்பா எப்ப வருவாருன்னு. தண்ணி வரட்டும், வரட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். இப்ப அவகிட்ட நா என்ன சொல்ல?”

மேடம் அத்தனை வருடம் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொன்னவர். அன்று “தெரியலம்மா” என்றார். அப்போது போனிலிருந்து குரல் வந்தது. யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. நான் மைக்கைக் கொண்டுபோய்ப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“மேடம், நான் செந்தில் பேசுறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா? இது ஒங்க தோட்டமா இருந்தா இன்னொரு போர் போடுவீங்களா?”

மேடம் இந்த முறை அவசரப்படவில்லை. தன் தாள்களைப் புரட்டி, மூன்று போரிலும் வந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, “போட மாட்டேன்” என்றார். “அந்த நெலத்துல மானாவாரிதான் செய்வேன். கடல போடுவேன், உளுந்து போடுவேன். போர் போட மாட்டேன்.”

நான் மைக்கைப் போனுக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

“அம்புட்டுத்தான் மேடம் கேட்டேன்” என்றார் செந்தில். “பெரியப்பாவும் வரும்னாரு, போர் வண்டிக்காரரும் வரும்னாரு, நீங்களும் வரும்னீங்க. அடுத்த போரு, அடுத்த போருன்னே எனக்கு இங்க வருசம் ஓடிப்போச்சு. வராதுன்னு ஒருத்தரு இப்பத்தான் சொல்றீக. அப்ப நான் எதுக்கு இங்க ஒக்காந்துருக்கேன்? சித்ரா, பிள்ளைகிட்டச் சொல்லு. இந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் நா வந்துர்றேன். திரும்பப் போகல.”

போர் வறண்ட அன்று அழாத சித்ரா, அந்தக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதார். கருப்பையா அய்யா போனைத் தன் பக்கம் இழுத்து, “வாடா, வந்து தொல, உளுந்து வெதைக்க ஆள் வேணும்” என்று கத்தினார். மேடம் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த கம்பிகளை. எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

செந்தில் வந்துவிட்டார். இப்போது சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார், மழைக் காலத்தில் தோட்டத்தைப் பார்க்கிறார். முதல் விளைச்சல் எடுத்ததும் மூன்று பேருமாக எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். மகள் அப்பாவின் சட்டை நுனியை விடவே இல்லை. தூக்குவாளி நிறைய அவித்த கடலை.

சித்ரா, “தண்ணி வந்திருந்தா மோட்டாருக்கு, பைப்புக்குக் காசு சேக்கணும்னு இவுக இன்னும் அங்கனயேதான் கெடந்துருப்பாக. நல்லவேள மேடம், நீங்க தப்பாச் சொன்னீங்க” என்றார்.

மேடத்துக்கு அது மனதை உறுத்திக்கொண்டேதான் இருந்தது. “அது தற்செயலா நடந்தது சித்ரா. அதுக்கு நான் பெருமப்பட முடியாது. தப்பு தப்புதான்” என்றார், வகுப்பில் சொல்வது போல.

“பெருமப்பட வேணாம் மேடம்” என்று தூக்குவாளியைத் திறந்து அவர் கையில் வைத்தார் சித்ரா. “சூடு ஆறுறதுக்குள்ள கடலயச் சாப்புடுங்க.”